ஆவிலா: மதிலை வெளியிலிருந்து தொடங்குங்கள்

அக்டோபர் 13, 2025, திங்கள்

ஸ்பெயின் தலைநகர் மத்ரிதின் சமார்த்தின் நிலையத்திலிருந்து, மதில் சூழ்ந்த பழைய ஊரான ஆவிலாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதிவேக ரயில் இந்தப் பாதையில் கிடையாது. இறங்கும் நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து மதிலுக்கு இருபது நிமிட நடை. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 1,130 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி குளிர் கடுமையாகவே இருக்கும். அக்டோபரிலேயே கனத்த ஸ்வெட்டர் தேவை.

வந்ததும் டிக்கெட் வாங்கி மேலே ஏறிவிடாதீர்கள். மதில் எப்படிக் கட்டப்பட்டது என்பது கீழே நின்றால்தான் புரியும். சுற்றளவு 2,516 மீட்டர், வாசல் ஒன்பது, சராசரி உயரம் 12 மீட்டர், தடிமன் 3 மீட்டர். உள்முகம், வெளிமுகம் இரண்டும் கல். நடுவில் சுண்ணாம்புச் சாந்தோடு கல்சில்லும் மண்ணும் இட்டு நிரப்பியது. எண்பதுக்கு மேற்பட்ட அரைவட்டக் கொத்தளங்கள் முன்னால் துருத்தி நிற்பதால், மதிலடியில் ஒட்டி வருகிறவனை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்கலாம்.

கிழக்குப் பக்கம்தான் பலமானது. மற்ற பக்கங்களில் தரை சரிந்து இறங்குகிறது. கிழக்கே சமதரை, எதிரி வரக்கூடிய வழி. அதனால்தான் அல்காசர் வாசல், சான் விசென்டே வாசல் இரண்டிலும் 20 மீட்டர் உயர இரட்டைக் கொத்தளங்கள். அவற்றை உச்சியில் ஒரு வளைவுப் பாலம் இணைக்கிறது. தெற்கே பாறைச் சரிவே காவல் என்பதால் அங்கே கொத்தளங்கள் சிறியவை, தள்ளித் தள்ளி இருப்பவை.

கிழக்குச் சுவரை ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். சாம்பல் நிறக் கருங்கற்கள் சிலவற்றில் சதுரமாகக் குடைந்த குழி தெரியும். அது சிதைவு இல்லை. ரோமானியர் இறந்தவர்களின் சாம்பலை வைத்த கற்கள் அவை. இடைக்காலக் கொத்தர்கள் பழைய இடுகாட்டுக் கற்களை அப்படியே எடுத்துப் பதித்திருக்கிறார்கள். சான் விசென்டே வாசலடியில், தரைப்பாறையிலேயே செதுக்கிய பன்றி உருவம் ஒன்றும் உண்டு. அது ரோமானியருக்கும் முந்தைய வெத்தோன் மக்களுடையது. பலர் வாசலை அண்ணாந்து பார்த்தபடியே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று மதில் மேல். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுவது. மேல்நடை தொடர்ச்சியானது இல்லை. பேராலயத்தின் பின்புறம் மதிலோடு ஒன்றாகவே கட்டப்பட்டிருப்பதால் நடை அங்கே அறுந்துவிடுகிறது. அல்காசர் வாசலில் ஏறினால் ஏறத்தாழ 300 மீட்டரில் முடிந்துபோகும். "இவ்வளவுதானா?" என்று அதோடு திரும்பிவிடுகிறார்கள். நீளமான பகுதி, பேராலயத்துக்கு அந்தப் பக்கம், கார்னிசெரியாஸ் என்ற பழைய இறைச்சிக்கூடக் கட்டடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து வடக்குச் சுவர் வழியாக மேற்கே பாலத்து வாசல் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். அதே டிக்கெட் இரண்டுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கார்னிசெரியாஸில் ஏறிப் பாலத்தை நோக்கி நடப்பதே சுகம், ஏனென்றால் வழி முழுக்க இறக்கம். எதிர்த்திசையில் வந்தால் ஏற்றம். படிகள் உயரம் மாறி மாறி இருக்கும், கல் தேய்ந்து வழுக்கும். ரப்பர் அடிப்பாகச் செருப்பு போதாது, ஷூ வேண்டும். நிழல் துளியும் கிடையாது. குளிர்கால அட்டவணையில் திங்கள்கிழமை மூடல் உண்டு என்பதால் கிழமை பார்த்து வாருங்கள்.

பாலத்து வாசலில் இறங்கியதும் ஊருக்குள் திரும்ப வேண்டாம். அதாஹா ஆற்றைக் கடந்து கால் மணி நேரம் மேட்டில் ஏறினால் குவாத்ரோ போஸ்தேஸ்: நான்கு தூண், நடுவில் ஒரு சிலுவை. முழு மதிலும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அதுதான். ஊர் அங்கிருந்து கிழக்கே இருக்கிறது. காலையில் போனால் சூரியன் கண்ணில் அடிக்கும், படம் கறுத்துவிடும். சாயங்காலம் போங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து விழ, கருங்கல் தேன் நிறத்துக்கு மாறும். ஆவிலாவில் ஒரே ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் அதை இங்கே செலவழிக்கச் சொல்வேன்.

அக்டோபர் 15, புதன்

கத்தோலிக்கத் துறவியான புனித தெரேசாவின் திருநாள். 1515-இல் இந்த ஊருக்குக் கிடைத்த குழந்தை. 1582 அக்டோபர் 4 இரவு ஆல்பா தெ தோர்மெஸில் இறந்தார். அன்றுதான் ஸ்பெயின் புதிய நாட்காட்டிக்கு மாறியது. 4-க்கு மறுநாள் 15. அதனால்தான் திருநாள் இந்தத் தேதியில் வருகிறது. அல்காசர் வாசலுக்கு முன்னுள்ள சதுக்கம் கூட்டத்தால் நிரம்பிவிடும், எனவே மதில் வேலையை முந்தின நாளே முடித்திருக்க வேண்டும்.

பேராலயத்துக்குள் பீடத்தின் பின்பக்கச் சுற்றுவழிக்குப் போங்கள். வெள்ளைக் கல்லில் ரத்தம் சிந்தியதுபோல் சிவப்புத் திட்டுகள். பக்கத்து லா கொலில்யா சுரங்கத்துக் கல் அது. சிவப்பு, இரும்புச் சத்தால் வந்தது. வெளியே வந்து அதே இடத்தை மதிலின் பக்கமிருந்து பார்த்தால் வெறும் கோட்டைக் கொத்தளம்.

சாப்பாடு: மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, இரவு எட்டரைக்கு மேல். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். சைவர்கள் கவனிக்க வேண்டியது பதாதாஸ் ரெவோல்கோனாஸ், மிளகாய்ப்பொடி சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. மேலே வைக்கும் பன்றி வறுவலை வேண்டாம் என்றாலும், மசியலிலேயே அதன் கொழுப்பு கலந்திருக்கும். பக்கத்து பார்கோ ஊரின் அவரைப் பயறும் பெரும்பாலும் இறைச்சியோடு வெந்ததுதான்.

வாங்கிப்போக யேமாஸ். கம்பிப் பாகில் முட்டை மஞ்சள் கருவை ஊற்றி, சிறு தீயில் சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறி, ஆறியபின் உருட்டிச் சர்க்கரையில் புரட்டுவது. தீ கூடினால் கரு திரிந்து பொரியலாகிவிடும். உள்ளே மென்மையாக இருப்பதால் பையின் அடியில் போட்டால் நசுங்கும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.