1000-க்கு ஓடியது, 1200-க்கு விழுந்தது

உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய சின்ன நிரல் அது. 1000×1000 கட்டத்துக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாமே என்று 1200 ஆக்கினேன். எண்டர் தட்டியதும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் நிறுத்தப்பட்டது என்று அர்த்தம்.

மெமரி போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் கணினியில் 16 ஜிபி இருக்கிறது. நிரல் அதில் 100 மெகாபைட்கூடத் தொடவில்லை. ராம் தீர்ந்திருந்தால் லினக்ஸ் கர்னலே நிரலை நிறுத்தியிருக்கும், திரையில் 'கில்ட்' என்று வந்திருக்கும். அதுவும் இல்லை.

சரி, எங்கோ அரேயின் (எண்களை வரிசையாக வைக்கும் அணி) எல்லையைத் தாண்டி எழுதுகிறேன் போல என்று ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் அதிவேகத்துக்கான '-ஓஃபாஸ்ட்'டை எடுத்துவிட்டு, எல்லைச் சோதனையைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். சமர்த்தாக ஓடியது! டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். அப்புறம் இரண்டு நாள் பார்த்த இடத்திலெல்லாம் பிரிண்ட் போட்டதுதான் மிச்சம்.

கடைசியில் '-ஓஃபாஸ்ட்'டோடு பிழை தேடுவதற்கான '-ஜி'யும் சேர்த்து, நிரல் எந்த இடத்தில் விழுகிறது என்று காட்டும் ஜிடிபியில் ஓட்டினேன். ஒரு சப்ரூட்டீனுக்குள், அதாவது துணை நிரலுக்குள், நுழையும்போதே விழுகிறது, இன்னும் ஒரு கணக்குகூடப் போடவில்லை. அதன் தலைப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இடைக்கணக்குக்காக நானே அறிவித்த ஓர் n×n அரே.

காகிதத்தை எடுத்தேன். ஓர் எண்ணுக்கு 8 பைட். 1000×1000 என்றால் 80 லட்சம் பைட். டெர்மினலில் 'யூலிமிட் -எஸ்' அடித்தால் 8192 என்றது. அது கிலோபைட் கணக்கு. சப்ரூட்டீன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரிப் பகுதியான ஸ்டாக்கின் உச்சவரம்பு, ஏறக்குறைய 84 லட்சம் பைட். 1200×1200க்கு 1 கோடியே 15 லட்சம் வேண்டும். இத்தனை நாளும் மயிரிழையில்தான் பிழைத்திருக்கிறது.

எல்லைச் சோதனையில் ஏன் விழவில்லை? அளவு ஓடும்போதுதான் தெரியவரும் இந்த மாதிரி அரேக்களை ஜிஃபோர்ட்ரான் வழக்கமாக இந்த ஸ்டாக் வரம்பு இல்லாத ஹீப் என்ற மெமரிப் பகுதியில் வைக்கும். '-ஓஃபாஸ்ட்' கொடுத்தால் வேகத்துக்காக ஸ்டாக்கில் வைத்துவிடும். அதை எடுத்ததும் கோளாறும் கூடவே போய்விட்டது.

ஸ்டாக்குக்கு வரம்பே வேண்டாம் என்று, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் 'யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்' என்று எழுதினேன். 1200 ஓடியது. முடிந்தது என்று நினைத்து, எட்டு உலோகங்களை ஒரே நேரத்தில் கணக்கிட, வேலையை இழைகளாகப் பிரித்து ஓட்டும் ஓப்பன்எம்பி சேர்த்தேன். இப்போது 800×800கூட விழுந்தது! பாஷ்ஆர்சியின் அந்த வரி இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் அதே அளவு, அதே எட்டு இழைகளோடு ஓடியது. வரம்பில்லை என்று சொன்னது முதன்மை இழைக்கு மட்டும்தான். வரம்பில்லாத நிலையில் மற்ற இழைகளுக்கு எக்ஸ்86-64 (வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினி) லினக்ஸ் கொடுப்பது 2 மெகாபைட். அந்த வரி இல்லாதபோது 8 இருந்தது. தாராளம் காட்டப்போய்க் கையிலிருந்ததும் போனது.

இழைகளின் ஸ்டாக்கைக் கூட்ட 'ஓஎம்பி_ஸ்டாக்சைஸ்' என்ற அமைப்பு இருக்கிறதுதான். ஆனால் என் நிரலை வேறொருவர் ஓட்டும்போது அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் அந்த அரேயை, ஹீப்பில் இடம் கேட்டு வாங்கும் (அலோகேட்) வகையான அலோகேட்டபிள் ஆக்கினேன். ஒவ்வொரு காலப்படிக்கும் அலோகேட் செய்வது வீண் என்பதால், சுற்று தொடங்கும் முன் இழைக்கு ஒரு முறை அலோகேட் செய்து சப்ரூட்டீனுக்கு அனுப்பினேன்.

மாற்றியது மொத்தம் ஆறு வரி. 4000×4000இல் ஓர் அரே 128 மெகாபைட். எட்டு இழைகளோடு அதுவும் ஓடி முடிந்தது. பாஷ்ஆர்சியில் எழுதிய வரியை அன்றே அழித்துவிட்டேன்.