இரண்டு நாய்களும் ஒரு 'சாரி'யும்

2008 கோடையில் லண்டனில் ஒரு சிடி கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அதில் பாதி, பெட்டி பிரிப்பதிலும் விலை ஒட்டுவதிலும் போய்விடும். மிச்ச நேரத்தில், புதிதாக வந்த ஆல்பங்களைப் பற்றி உள்ளங்கை அகல அட்டையில் நாலு வரி எழுதி அலமாரி விளிம்பில் செருக வேண்டும். அட்டையின் தலையில் 'ஊழியர் பரிந்துரை' என்று அச்சாகியிருக்கும். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். காதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அப்போதெல்லாம் இங்கிலாந்தில் புது ஆல்பங்கள் திங்கட்கிழமைதான் வரும். ஜூலை 7-ஆம் தேதி திங்களன்று வந்தது 'பிளாக் கிட்ஸ்' குழுவின் முதல் ஆல்பம், 'பார்ட்டி ட்ரோமாட்டிக்'. ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் ஊர்க்காரர்கள், ஐந்து பேர். முன்னால் நின்று பாடும் ரெஜி யங்பிளட்டும் கீபோர்டு வாசிக்கும் அலியும் உடன்பிறந்தவர்கள். 2007-இல் நாலே நாலு பாட்டை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் இலவசமாகப் போட்டார்கள். அதற்கு அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் பத்துக்கு 8.4 கொடுத்தது. அவ்வளவுதான், கடல் தாண்டி இங்கேயும் பேச்சாகிவிட்டது. ஸ்வேட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் பட்லர் தயாரிப்பாளராக வந்தார். உன் காதலனுக்கு உன்னோடு ஆடச் சொல்லித்தர மாட்டேன் என்று தலைப்பிலேயே அடம்பிடிக்கும் அவர்களது பாட்டு, ஆல்பம் வருமுன்பே பிரிட்டிஷ் தரவரிசையில் 11-ஆம் இடம் வரை போயிருந்தது.

பிட்ச்ஃபோர்க் மதிப்பெண் போடும் விதம் 0.0-லிருந்து 10.0 வரை. அந்தத் தசமப் புள்ளி மீது எனக்கு ஒரு பயபக்தி உண்டு. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் கால் மார்க் குறைந்து கல்லூரி கை நழுவியவன் நான். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் இருந்தாலே யாரோ உட்கார்ந்து சரியாக அளந்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுவேன். ஆகவே அட்டையில் பெரிதாக '8.4' என்று எழுதி, கீழே 'தி க்யூர் பிடிக்குமா? இதை எடுங்கள்' என்று, பழைய பிரிட்டிஷ் ராக் குழு ஒன்றின் பெயரையும் சேர்த்தேன். அந்த 8.4 பழைய நாலு பாட்டுக்குக் கிடைத்தது, இந்த ஆல்பத்துக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். எழுதவில்லை, அட்டையில் இடமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நன்றாகவே விற்றது. ஞாயிறு மாலை வந்த தரவரிசையில் ஆல்பம் 5-ஆம் இடம். மேலாளர் என் தோளைத் தட்டினார்.

அந்த மாதமே பிட்ச்ஃபோர்க்கின் ஆல்பம் விமர்சனமும் வந்தது. மதிப்பெண் 3.3. விமர்சனம் இருக்க வேண்டிய இடத்தில் சப்பை மூக்குள்ள 'பக்' இன நாய்கள் இரண்டின் படம். அதோடு 'சாரி' என்று ஒரே ஒரு சொல்லும், வாய் கோணிய ஒரு முகக்குறியும். வேறு ஒரு வரி கிடையாது. மற்ற பத்திரிகைகளின் விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லபடியாகவே இருந்தன, ஆனால் நாய்ப்படம்தான் வாய்க்கு வாய் பரவியது. மேலாளர் என் அட்டையை உருவி என்னிடமே கொடுத்து, வேறு எழுது என்றார். வாசலருகே இருந்த அடுக்கு உள் வரிசைக்குப் போனது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. ஆல்பத்தில் இருப்பது பத்துப் பாட்டு. அதில் நாலு, 8.4 வாங்கிய அதே நாலு. திரும்ப ஒலிப்பதிவு செய்தபோது பழைய கரடுமுரடெல்லாம் பளபளப்பாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 5.1 இறங்குமா? இறங்கலாம், காரணத்தைச் சொல்லியிருந்தால். யாரிடம் அந்த 'சாரி' என்பதே புரியவில்லை. குழுவிடமா, நம்பி வாங்கியவர்களிடமா, இல்லை அவசரப்பட்டுத் தூக்கிவைத்த தங்களுக்குத் தாங்களேவா? முதல் ஆல்பம் போடும் குழுவுக்கு மோசமான விமர்சனம்கூடப் பயன்படும், எந்தப் பாட்டு எங்கே சறுக்கியது என்றாவது தெரியும். நாய்ப்படத்தை வைத்துக்கொண்டு என்ன திருத்துவது?

இதையெல்லாம் சரக்கறையில் ஆவேசமாகக் கொட்டினேன். அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணை பெட்டியை ஒட்டியபடியே கேட்டார்: "தம்பி, நீர் இதை முழுக்கக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. வானொலியில் ஒரு பாட்டு, கடையின் ஒலிபெருக்கியில் அரைகுறையாக மூன்று. நாய்ப்படம் போட்டவராவது கேட்டிருப்பார்.

அன்றிரவு இல்ஃபர்ட் போகும் 25-ஆம் எண் பஸ்ஸில், மாடியில்லாத அந்த நீளமான ஜோடி பஸ்ஸின் கடைசி இருக்கையில், ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏறிய கூட்டத்தில் காதுக்கருவியின் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டது, மறுபடி ஆரம்பித்தேன். ரெஜியின் குரல் அழுவதா கூத்தடிப்பதா என்று தீர்மானிக்காமல் தள்ளாடுவதும், பின்னால் பெண்குரல்கள் விளையாட்டு மைதானத்தில் கத்துவதுபோல் பதில் சொல்வதும் பிடித்திருந்தது. கடைசி மூன்று பாட்டு வந்தபோது கை தானாகவே அடுத்ததைத் தேடியது.

மறுநாள் புது அட்டை எழுதினேன்: 'ஏழு பாட்டு நன்றாக இருக்கிறது. கடைசி மூன்றில் தொய்வு. கூட ஆட ஆள் இருந்தால் இன்னும் நல்லது.' எண் எதுவும் போடவில்லை. மேலாளர் படித்துச் சிரித்தார், இதை வைத்து ஒன்றும் விற்காது என்றார், ஆனாலும் செருக விட்டார்.

அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் வர 2017 ஆகிவிட்டது. ஒன்பது வருட இடைவெளிக்கு நாய்ப்படம்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. என் அட்டை எழுதும் வேலையும் அந்த 2008-ஓடு போயிற்று, கடைகளே மூடத் தொடங்கியிருந்தன.

புது அட்டையின் கீழ் அந்த வாரம் இரண்டு விற்றது. அதில் ஒன்று, ஊழியர் தள்ளுபடியில் நான் வாங்கியது.