மீன்கொத்தியும் ஒரு தகர டப்பாவும்

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று துணியை வெட்டிவிட்டேன். போன கிராஸ் ஸ்டிட்ச் (பெருக்கல் குறித் தையல்) வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கை சும்மா இருந்தால் ஃபோனைத்தான் தேடுகிறது. இந்தத் தடவை ஒரு மீன்கொத்தி. கிளையில் உட்கார்ந்து கீழே எதையோ முறைத்துக்கொண்டிருக்கிறது.

எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட்டில் அகலம் 98 கட்டம், உயரம் 126. என்னிடம் இருப்பது 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம். வகுத்துப் பார்த்தால் 7 அங்குலம், 9 அங்குலம். சட்டம் போட வேண்டுமே என்று நாலு பக்கமும் மும்மூன்று அங்குலம் கூட்டி, 13-க்கு 15 வெட்டினேன். முன்பு ஒருமுறை கஞ்சத்தனமாக அரை அங்குலம் மட்டும் விட்டேன். ஃப்ரேம் போடுகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்க சார் மடிக்கறது?" என்று கேட்டார். பதில் இல்லை.

ஓரம் பிரியாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டியாயிற்று. நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பத்துப் பத்துக் கட்டமாக, தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டேன். ஒரு மணி நேரம். படு சலிப்பான வேலை. ஆனால் கோடு போடாமல் தொடங்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துவைக்கும் வரை இந்தத் துணி இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. சூடு பட்டால் மை போகாமல் தங்கிவிடும்.

பிப்ரவரி 4, புதன்

கிளையிலிருந்து ஆரம்பித்தேன். பழுப்பு நூல், டிஎம்சி கம்பெனியின் நிற எண் 801.

சிட்டம் ஒன்றில் எட்டு மீட்டர், ஆறு இழை. 14 கவுண்டுக்கு இரண்டு இழை போதும். அந்த இரண்டையும் சேர்த்து உருவினால் சிக்கு நிச்சயம். ஒற்றை இழையைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மிச்ச ஐந்தும் கீழே கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டு குவியும். போச்சு என்று தோன்றும். இழை முழுக்க வெளியே வந்ததும் நீவிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராகிவிடும். எத்தனை வருடமானாலும் அந்த ஒரு நொடி எனக்கு உள்ளூர உதறல்தான்.

நீளத்துக்கு டேப் எல்லாம் தேவையில்லை. ஒரு முழம் அளவு. அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பிசிறடிக்கிறது. இரண்டு இழை வேலை என்றால் நான் முடிச்சும் போடுவதில்லை. ஒற்றை இழையை இரண்டு முழமாக வெட்டி, நடுவில் மடித்து, வெட்டிய முனைகள் இரண்டையும் சேர்த்து ஊசிக் காதில் கோர்த்தால் மறுமுனையில் ஒரு வளையம் நிற்கும். அடியிலிருந்து மேலே வந்து, மூலைக்கு மூலை இறங்கி, பின்பக்கம் அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் இறுகிக்கொள்ளும். பின்பக்கத்தைத் தடவினாலும் மேடு தட்டாது.

ஒரு வரிசைக்குப் பாதித் தையலாகவே போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது பெருக்கல் குறி ஆக்குவது என் பழக்கம். டேனிஷ் முறை என்பார்கள். ஒவ்வொரு பெருக்கலையும் அங்கங்கே முடித்துவிட்டு நகர்வது இங்கிலீஷ் முறை. எதுவானாலும், மேலே கிடக்கிற கால் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லையென்றால் வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறம் மாதிரித் தெரியும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இறக்கையைத் தொட்டாயிற்று. ஏழு நீலம். மீன்கொத்தியின் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாதாம். இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. நீலச் சாயமே இல்லாத பறவைக்கு ஏழு சிட்டம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நாளை ரயில் பயணம். போக ஒரு பகல், வர ஓர் இரவு. எதை எடுத்துப் போவது என்று ராத்திரி முழுக்க யோசனை. பயணத்துக்கென்று தனியாக ஒரு சின்ன வேலை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை, ஒன்றைத் தொட்டால் அதுவேதான். அதனால் என் வழி வேறு. எண்ணுவதையெல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொள்வேன். கிளையின் வெளிக்கரையை மட்டும் வீட்டில் கட்டம் எண்ணித் தைத்துவிட்டால், ரயிலில் உள்ளே நிரப்புவது மட்டும்தான் வேலை. வண்டி குலுங்கினாலும் பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தப்பாது.

மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அகலம். அதில் ஏற்கனவே நூல் கோர்த்த ஆறு ஊசிகள்: மூன்றில் 801, மூன்றில் அதைவிடக் கொஞ்சம் வெளிறிய 433. தகரத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருப்பதால் ஊசி ஓடாது. துணியின் மேலும் கீழுமாக ஒட்டும் காந்த ஜோடி ஒன்று தனி, தைக்காத நேரத்தில் கையிலிருக்கும் ஊசியை நிறுத்தி வைக்க. சின்னக் கத்தரி. சார்ட்டில் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கிய நகல் ஒன்று. ஃபோனில் பார்த்துத் தைத்தால் சார்ஜ் தீருகிறது, நடுவில் அழைப்பும் வருகிறது.

அப்புறம், தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கிற வட்ட ஃப்ரேமைக் கழற்றி வைத்தேன். இரவெல்லாம் மாட்டியே விட்டால் துணியில் வட்டமாகத் தழும்பு விழும்.

பிப்ரவரி 14, சனி

ஜன்னலோரம் கிடைத்தது. எதிர் இருக்கையில் வயதான அம்மா ஒருவர். அரை மணி நேரம் சும்மா பார்த்தார், பிறகு தாங்கவில்லை.

"என்ன தம்பி, ஊசி மொட்டையா இருக்கு?"

"இதுக்கு அதுதாம்மா. துணியிலயே ஓட்டை இருக்கு, குத்த வேண்டியதில்லை."

கையை நீட்டினார், கொடுத்தேன். வாங்கிய கையோடு துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தைக்கத் தெரிந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான், முன்பக்கம் அப்புறம்தான். "கண்ணு நல்லா இருந்தப்ப தலையணை உறைக்கெல்லாம் போட்டிருக்கேன்," என்றார். "பின்னாடி ரொம்பத் தாவாதீங்க. இங்கேருந்து அங்க நூலை இழுத்துட்டுப் போயிருக்கீங்க பாருங்க, வெள்ளைத் துணியில முன்னாடி நிழலாத் தெரியும்." உண்மைதான். பத்துக் கட்டம் தாண்டி இழுத்திருந்தேன். அடுத்த நிலையம் வருவதற்குள் வெட்டிச் சரிசெய்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

பிப்ரவரி 16, திங்கள்

திரும்பும் வண்டி. கிளை இரவு ஒன்பதரைக்கே நிரம்பிவிட்டது. ஆறாவது ஊசி கோர்த்தபடி மிச்சம். தூக்கம் வரவில்லை. நகலின் ஓரத்தில் பறவையின் வயிறு கொஞ்சம் தெரிந்தது, பையில் ஆரஞ்சு நூலும் கிடந்தது, 740. கொஞ்சமாகத் தொடங்கலாமே என்று தொடங்கினேன். மங்கல் விளக்கு. பதினொன்றரை வரை தைத்தேன். சுகமாக இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது.

பத்துக் கோட்டுக்குள் பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. ரயிலில் போட்ட ஆரஞ்சு முழுக்க, ஏறக்குறைய 160 தையல், ஒரு கட்டம் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. எண்ணுவது வீட்டில் என்று ஒரு வாரம் முன்பு நான்தான் இங்கே எழுதினேன்.

முதலில் மனசு சமாதானம் தேடியது. இது இலை, பூ என்றால் ஒரு கட்டம் யாருக்குத் தெரியப்போகிறது? கிளையாக இருந்தால் விட்டிருப்பேன். மூன்று வரிசை ஒட்டுப்போட்டும் பார்த்தேன். மார்பு கழுத்தோடு சேருகிற இடத்தில் பறவைக்குத் தொண்டையில் மீன் சிக்கினது போல ஒரு புடைப்பு. அதற்கு மேலே கண்ணும் அலகும் வர வேண்டும். சரி, பிரிக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பிரித்தேன். இரண்டு மாலை, தைத்ததைவிட அதிக நேரம். பின்பக்கம் கத்தரி நுனியால் நாலைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டி, முன்பக்கம் சாமணத்தால் உருவுவது. உருவிய நூல் பஞ்சுபோல் ஆகிவிடும், மறுபடி தைக்க உதவாது. வெள்ளைத் துணியின் ஓட்டைகளில் ஆரஞ்சுத் தூசு ஒட்டிக்கொண்டது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இப்படிப் பிரிப்பதைத் 'தவளை வேலை' என்கிற மாதிரி சொல்வார்கள். 'ரிப் இட், ரிப் இட்' என்பது தவளை கத்துவதுபோல் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் வால் பகுதியைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர், "வீட்ல மேடம் இதெல்லாம் உங்ககிட்ட குடுத்துட்டாங்களா?" என்றார். வீட்டில் மேடத்துக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை கிடையாது. அவரிடம் மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி கதையைச் சொன்னேன். பிரிட்டிஷ் ராணுவத்துக்காரர். 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அந்த டிசம்பரில் சிறைமுகாமில் உட்கார்ந்து, வேறொரு கைதியின் நைந்துபோன ஸ்வெட்டரிலிருந்து உருவிய நூலால் ஒரு தையல் சித்திரம் போட்டார். பார்த்தால் சாதுவான வேலை. ஆனால் அதன் கரையில் ஓடுகிற புள்ளியும் கோடும் மோர்ஸ் குறி. ஒரு கரையில் 'மன்னரைக் கடவுள் காக்க', இன்னொன்றில் ஹிட்லருக்கு அச்சில் போட முடியாத ஒரு வசவு. கைது செய்தவர்களே அதைச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள்.

நண்பர் கொஞ்ச நேரம் என் துணியின் கரையையே சந்தேகமாகப் பார்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

கழுத்து சேர்ந்துவிட்டது, கச்சிதமாக. இன்று நிறையத் தைக்கவில்லை, லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் எலிசபெத் பார்க்கரின் துணிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1830 வாக்கில், சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், லினன் துணியில் சிவப்பு நூலில், எழுத்து எழுத்தாகக் கிராஸ் ஸ்டிட்ச் போட்டுத் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். பூ இல்லை, கரை இல்லை, வெறும் எழுத்து. தனக்கு எழுத வராது, அதனால் இப்படிச் சொல்கிறேன் என்றுதான் தொடங்குகிறது. வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமை, உயிரை விட்டுவிடலாம் என்று வந்த எண்ணம், எல்லாம் வருகிறது. கடைசியில் தன் ஆன்மா என்னவாகும் என்ற இடத்தில், முற்றுப்புள்ளி இல்லாமல் நின்றுவிடுகிறது. கீழே துணி வெறுமையாகக் கிடக்கிறது.

என் கணக்குக்கு மணிக்கு நூறு தையல். ஓர் எழுத்துக்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

விமானம். கத்தரியைப் பெட்டியில் போட்டுச் சரக்குக்கு அனுப்பிவிட்டு, கையில் நெயில் கட்டர். நூல் வெட்ட அதுவே போதும். மொட்டை ஊசியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கறுப்பு 310-ம் கருநீலம் 939-ம் அந்த வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள். நல்லவேளை, ஊசிக்கு ஊசி எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

எல்லாப் பெருக்கலும் முடிந்தன. ஆனாலும் இதுவரை அது நீல, ஆரஞ்சுத் திட்டாகத்தான் இருந்தது. இன்று ஒற்றை இழையில் பேக் ஸ்டிட்ச், அதாவது விளிம்புக் கோட்டுத் தையல் ஓட்டினேன், அலகின் கீழ்க்கோடு, கண்ணைச் சுற்றி, இறக்கையின் விளிம்பு. ஒரு மணி நேரம்தான். மேசை மேலிருந்து என்னை முறைக்கத் தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

துவைத்தாயிற்று. வாளியில் குளிர்ந்த தண்ணீர், ஒரு துளி சோப்பு, கசக்காமல் அலசல். நீலக் கோடுகள் கண்ணெதிரே கரைந்து போயின. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பிறகு வேறொரு துண்டை விரித்து, சித்திரத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் இஸ்திரி. நேராகப் போட்டால் தையல் நசுங்கிவிடும்.

திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கிளையின் நடுவில், ரயிலில் நிரப்பிய இடத்தில், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரே ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. இத்தனை நாள் பேனா கோடு மேலே ஓடியதால் தெரியவில்லை. சிட்டங்களையெல்லாம் எண் வாரியாக அட்டையில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று.

ஏணியை எடுக்கப் போனவன், தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆறாவது ஊசி காந்தத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. 801.