ஃபேன் ஓடுனா ஆடுற ஐட்லிங்

ரெண்டு வாரமா ராத்திரி சாப்டு முடிச்சதும் லேப்டாப்ப தூக்கிட்டு கார்ல போய் உக்காந்துக்கறது தான் வேலை. பழைய எஸ்டீம், 1298 சிசி, இன்ஜினோட ஒரிஜினல் கம்ப்யூட்டர கழட்டிட்டு, நாமளே செட் பண்ணிக்கற ஸ்பீடுயினோ கம்ப்யூட்டர் போட்டது. ரோட்ல நல்லா தான் போகுது, வண்டி நிக்கறப்ப ஓடுற ஸ்லோ, அதான் ஐட்லிங், அது தான் நிக்க மாட்டேங்குது. 850 ஆர்பிஎம்ல சமத்தா இருக்கும், திடீர்னு 700, உடனே 1100, மறுபடி 700ன்னு ஊஞ்சல் ஆடும்.

நான் பண்ண தப்பு, க்ளோஸ்டு லூப்பையே நோண்டிட்டு இருந்தது. புகை போற பைப்ல இருக்கற வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் லீனா (பெட்ரோல் கம்மி) ரிச்சா (ஜாஸ்தி)ன்னு சொல்லும், அத பாத்து கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டும் குறைக்கும், அது தான் க்ளோஸ்டு லூப். ஆனா 800 ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டர் ஒரு தடவ எரிஞ்சு அடுத்து எரியவே 150 மில்லிசெகண்ட் ஆகும், புகையும் சென்சார் வரைக்கும் மெதுவா தான் நகரும், அந்த தகவல் வந்து சேர்றதுக்குள்ள இது அவசரப்பட்டு நாலு தடவ கூட்டிடும், அப்புறம் ஜாஸ்தியா போச்சேன்னு நாலு தடவ குறைக்கும். நான் வேற 15 சதவீதம் வரைக்கும் கூட்டிக் குறைக்க அதிகாரம் குடுத்து வெச்சிருந்தேன், கேக்கணுமா.

பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன், லேப்டாப்ப எட்டிக்கூட பாக்காதவர், பானெட் மேல கைய வெச்சிட்டு நின்னவரு சொன்னாரு, "தம்பி, ஃபேன் ஓடறப்ப மட்டும் தானே ஆடுது?"

லேப்டாப்ல பதிவான லாக்க எடுத்து பாத்தா அதே தான். ஃபேன் ஓடுன நொடி வோல்டேஜ் 14.1ல இருந்து 12.8, காத்து-பெட்ரோல் விகிதம் காட்டற மீட்டர் 14.7ல இருந்து 16.4, அதாவது லீன். வோல்டேஜ் இறங்குனா பெட்ரோல் அடிக்கற இன்ஜெக்டர் லேட்டா தான் திறக்கும். ஐட்லிங்ல அதுக்கு கம்ப்யூட்டர் குடுக்கற மொத்த பல்ஸே 2 மில்லிசெகண்ட் சொச்சம், அதுல பாதிக்கு பக்கம் திறக்கவே போயிடுது, மிச்சத்துல 0.15 குறைஞ்சாலே லீன் ஆயிடும். இதுக்குன்னே பல்ஸ நீட்டிக் குடுக்கற டேபிள் ஒண்ணு இருக்கு, நான் அந்த வோல்டேஜ் கரெக்‌ஷன்ல எல்லா கட்டத்துலயும் 100ன்னு, அதாவது திருத்தமே இல்லாம, போட்டு மறந்தே போயிட்டேன்.

க்ளோஸ்டு லூப்ப மொத்தமா ஆஃப் பண்ணேன். ஹெட்லைட், ப்ளோயர், ஃபேன் ஒவ்வொண்ணா போட்டு, மீட்டர் அசையாத வரைக்கும் 12, 13 வோல்ட் கட்டங்கள கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன். ஒண்ணரை மணி நேரம், கொசுக்கடி தனி. அப்புறம் தான் லூப்ப திரும்ப ஆன் பண்ணேன், அதிகாரம் 5 சதவீதம், ஒரு தடவைக்கு 1 சதவீதம், அதையும் நிதானமா.

இன்னொண்ணு, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு விகிதத்தோட டார்கெட் 13.5 வைன்னு ஒரு ஃப்ரெண்டு விடாம சொல்றான். சென்சார் பாக்கறது லாம்ப்டாவ தான்டா, அதாவது அந்த பெட்ரோல் எரிய தேவையான காத்துல எத்தன மடங்கு இருக்குன்னு, 1ன்னா கச்சிதம், பெட்ரோல் ஸ்கேல் மீட்டர்ல எந்த பெட்ரோலா இருந்தாலும் லாம்ப்டா 1ன்னா 14.7 தான் காட்டும், அதுல 13.5 வெச்சா சும்மா ரிச்சா ஓட்டறேன்னு அர்த்தம்.

இப்போ ஃபேன் ஓடுனா முள்ளு அசையல. ஏசி போட்டா மட்டும் ஒரு தடவ குனிஞ்சு நிமிருது, அத ஞாயித்துக்கெழம பாக்கணும்.