அப்பாவின் பயாப்ஸி பிளாக்கோடு அலைந்த நாட்கள்

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது போன வருடம் மார்ச் கடைசியில். அதற்கு முன் மூன்று மாதம், கேஸ் தொந்தரவு என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எண்டோஸ்கோபி செய்து இரண்டு துண்டு சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று வந்தது. ஸ்கேனில் கல்லீரலிலும் இரண்டு இடத்தில் தெரிந்தது.

மதுரையில் நாங்கள் பார்த்த புற்றுநோய் டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஹெர்2 பார்த்தாங்களா? பிளாக் எங்க இருக்கு?” இரண்டுமே எனக்குப் புரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, பிறகு மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவித்தான் எல்லாப் பரிசோதனையும். ஹெர்2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். சிலருடைய வயிற்றுக் கட்டியில் அதற்கான மரபணு பல மடங்கு பெருகி, புரதமும் அளவுக்கு மீறி இருக்கும். அப்படி இருந்தால் கீமோவோடு, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் போடலாம். இல்லாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. “கட்டி என்னன்னுதான் தெரிஞ்சாச்சே, மறுபடி எதுக்கும்மா டெஸ்ட்டு?” என்று அப்பா கேட்டபோது இதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

பிளாக்கை வாங்க ஒன்பது நாள் ஆனது. முதலில் பார்த்த லேபில் அதை எடுத்துத் தர வேண்டியவர் லீவில் இருந்தார். எழுதிக் கொடுத்த கடிதம் வேறு காணாமல் போனது. கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு என்று தெரியாததால் நான்கு முறை கெஞ்சிக்கொண்டு நின்றேன். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், ரிப்போர்ட் வாங்கும் அன்றே பிளாக்கையும் கேளுங்கள். ஏப்ரல் வெயிலில் மெழுகு இளகிவிடக் கூடாது, பைக் பெட்டியில் வைக்காதீர்கள் என்று லேபில் சொன்னார்கள். டிபன் பாக்ஸில் ஐஸ் பேக் வைத்து, பேப்பர் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அவ்வளவு அலைந்தும் அதில் போதுமான புற்றுசெல்கள் இல்லை. வயிற்றுக் கட்டியில் ஹெர்2 ஒரு பக்கம் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது. அதனால் ஆறு முதல் எட்டுத் துண்டாவது எடுக்க வேண்டுமாம். அப்பாவுக்கு மறுபடி எண்டோஸ்கோபி. குழாய் இறங்கும்போது என் கையை அவர் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. முதல் முறையே யாராவது இதை யோசித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. நல்லவேளை, டாக்டர் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கீமோவை ஆரம்பித்துவிட்டார், ஊசியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஹெர்2 புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த முடிவு 2 பிளஸ் என்று வந்தது. 3 பிளஸ் என்றால் பாசிட்டிவ், 0, 1 என்றால் நெகட்டிவ். 2 என்றால் நடுவில். அப்போது ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையில் மரபணுவையே எண்ணிப் பார்க்கிறார்கள். ஹெர்2 மரபணுவின் எண்ணிக்கையை, அது இருக்கும் 17ஆம் குரோமோசோமின் எண்ணிக்கையால் வகுத்து, 2 அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ். அப்பாவுக்கு 2.8. அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

அன்று ராத்திரி, வயிற்றுப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாபை நிலைநிறுத்திய டோகா ஆய்வைத் தேடிப் படித்தேன். 2010இல் வெளியானது. கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், ஊசியும் சேர்த்தவர்களுக்கு 13.8. இவ்வளவு அலைச்சலும் மூன்று மாதத்துக்குக்கூட இல்லையா என்று அழுதேன். மறுநாள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி இருக்கிறார்கள். அதோடு, 3 பிளஸ் வந்தவர்களையும், அப்பாவைப் போல 2 பிளஸோடு ஃபிஷ் பாசிட்டிவ் ஆனவர்களையும் மட்டும் தனியாகப் பார்த்தால் 11.8க்கு எதிராக 16 மாதம். இந்த இரண்டாவது கணக்கை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேன்.

மற்ற குறியீடுகளும் பார்த்தார்கள். டிஎன்ஏவில் வரும் பிழைகளைச் சரிசெய்யும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் சரியாக இருந்தன. அவற்றில் குறை இருப்பவர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாகவே வேலை செய்யுமாம். எதிர்ப்புச் சக்தியிடமிருந்து கட்டி தப்பிக்க உதவும் பிடி-எல்1 என்ற புரதம் கொஞ்சம் இருந்ததால் அப்பாவுக்கும் இம்யூனோதெரபியைச் சேர்க்கலாம் என்றார் டாக்டர், விலையையும் மறைக்காமல் சொன்னார். எங்களால் முடியவில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது கீமோவிலிருந்து 21 நாளுக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஊசி. இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன். மூல மருந்தைப் போலவே இங்கேயே தயாராகும் பயோசிமிலர் கிடைத்ததால்தான் எங்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. நான்காவது மாத ஸ்கேனில் கல்லீரலில் இருந்த ஒன்று மறைந்து, மற்றது பாதியாகியிருந்தது. தீபாவளிக்கு இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

போன மாத ஸ்கேனில் மறுபடி வளர்ச்சி தெரிகிறது. இந்த ஊசி போட்ட சிலருக்கு ஹெர்2 மறைந்துவிடுமாம், அதனால் அடுத்த மருந்துக்கு முன் புதிதாகச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. எத்தனை துண்டு எடுப்பார்கள், எந்த லேபுக்குப் போகும், பிளாக்கை யாரிடம் வாங்க வேண்டும் என்று இந்த முறை முன்னாலேயே கேட்டு, அப்பாவின் ஃபைலில் எழுதி வைத்துவிட்டேன்.