பிடித்தால் பிடிக்கணும், உதிர்த்தால் உதிரணும்

மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஏழு கதை வேண்டாம். ஒரே கதையை ஏழு நாளும் சொல்லலாம். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மாற வேண்டியது கையில் இருக்கும் பொருள் மட்டும். இன்றைக்கு மாவு, நாளைக்கு மண், அடுத்த நாள் நிழல். மதுரைக்காரர்களுக்கு இதற்குத் தோதான கதை ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது: புட்டுக்கு மண் சுமந்த கதை. ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவதைப் பார்த்த பிள்ளை என்றால் பாதிக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நம்மூரில் சொல்கிறபடி கதை இவ்வளவுதான். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்கணும் என்று பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக ஒரு கூலியாள் வருகிறான். உதிர்ந்த புட்டுதான் கூலி. அன்றைக்கென்று அவித்ததெல்லாம் உதிர்கிறது. தின்கிறான், ஆடுகிறான், படுத்துத் தூங்குகிறான். ராஜா பிரம்பால் ஒன்று போட, அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுகிறது. ஒரே ஒரு கூடை மண், கரை அடைபடுகிறது, ஆளைக் காணோம். கூலியாளாக வந்தது சிவன்.

முதல் நாள் அடுப்படி. வறுத்த அரிசி மாவு ஒரு டம்ளர், உப்பு கால் ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய அரை டம்ளர். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்கணும். பிள்ளை விரலை நனைத்து உதறட்டும், நீங்கள் பிசிறிவிடுங்கள். கைப்பிடி மாவை எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும்; விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரணும். இந்தப் பதம் பார்க்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் கூடிவிட்டால் அவித்ததும் களி போல ஒட்டிக்கொள்ளும். இரண்டு கரண்டி வறுமாவு சேர்த்துச் சரிசெய்யலாம். குறைந்தால் உள்ளே மாவு வேகாமல் தொண்டையில் அடைக்கும், சின்னதுகளுக்கு அது ஆகாது. கட்டி தட்டினால் மிக்ஸியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். பத்து நிமிடம் மூடிவைத்து, இட்லித் தட்டில் துணி போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் அவிக்கணும். ஆவி பறக்கும்போது பிள்ளை அடுப்புப் பக்கமே வரக் கூடாது. அந்த நேரத்தில் கதையை வெள்ளம் வரைக்கும் கொண்டுபோய்விடலாம். தட்டைக் கவிழ்க்கும்போது புட்டு உடைந்தால் நல்லதாகப் போயிற்று: “உதிர்ந்துருச்சு, கூலியாளுக்குக் கொடு!” சமையலில் சொதப்பினால் கதை ஓடும் என்பது இந்தக் கதைக்கு மட்டும் வாய்த்த சௌகரியம்.

இரண்டாம் நாள் மொட்டை மாடியில் வைகை. தாம்பாளத்தில் செய்யாதீர்கள், விளிம்பு தாழ்வு. அரை அடி உயரமுள்ள அகலமான பிளாஸ்டிக் டப் போதும். சலித்த மணல் நாலு கப்புக்கு அரை கப் தண்ணீர். பதம் பார்ப்பது நேற்றுப் பார்த்த அதே கைப்பிடிதான். அதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். டப்பின் நடுவில் குறுக்காக நாலு விரல் உயரத்துக்குக் கரை கட்டி, ஒரு பக்கம் சொம்பால் தண்ணீர் விடுங்கள். வெறும் மணல் கரை சீக்கிரமே உட்காரும். தண்ணீர் மேலே ஏறி உடைப்பதைவிட அடியில் ஊறி உடைப்பதுதான் அதிகம். அடி அகலத்தைக் கூட்டினால் கொஞ்சம் தாங்கும். மூன்று பிடி மணலுக்கு ஒரு பிடி களிமண் கலந்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் முதல் கரை உடையட்டும், அதுதான் கதை. களிமண் கலந்தது கூலியாளின் கூடைக்கு. கொட்டாங்கச்சியே கூடை. சொம்பை உயரத் தூக்கி ஊற்றினால் கரையில் ஓட்டை விழும். டப்பின் சுவரோடு ஒட்டி ஊற்றணும். முடிந்ததும் மண்ணைச் சாக்கடையில் தள்ளாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

பிரம்படி வரும் இடத்தில் நிஜக் குச்சி வேண்டாம். துண்டைச் சுருட்டித் தரையில் ஒரு தட்டுத் தட்டினால், அறையில் இருக்கிற அத்தனை பேரும், ஈஸி சேரில் இருக்கும் அப்பத்தா உட்பட, முதுகைப் பிடித்துக்கொண்டு “ஆ!” என்று துள்ளணும். பிள்ளைகள் கதை முழுக்க இதற்காகவே காத்திருப்பார்கள்.

நிழலுக்கு ராத்திரிதான் தோது. கரண்ட் போனால் இன்னும் நல்லது. நாலு முழ வெள்ளை வேட்டியை நிலைப்படியில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கினால் ராஜாவுக்கு வயிறு ஆடும். நாலடி பின்னால் ஸ்டூலில் செல்போன் டார்ச். டியூப் லைட்டும் பால் நிற பல்பும் சரிப்படாது. வெளிச்சம் அகலமாக வருவதால் நிழலின் ஓரம் கலங்கிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு உருவம் வெட்டலாம். முகம் பக்கவாட்டில் இருக்கணும், மூக்கு தெரியணும். நேர்முகமாக வெட்டினால் கறுப்பு உருண்டைதான் விழும். கண்ணுக்குப் பஞ்சிங் மிஷினில் ஒரு ஓட்டை. வந்திக்குக் கூன், ராஜாவுக்குக் கிரீடம், கூலியாள் தலையில் கூடை: மூன்றே பேர். ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துக் காலிலிருந்து கழுத்துவரை டேப்பால் ஒட்டுங்கள். காலடியில் மட்டும் ஒட்டினால் ஆள் தலைகுப்புறத் தொங்குவான். கை காலுக்கு மூட்டு வைக்கும் ஆசை முதல் தடவை வேண்டாம், நூல் சிக்கியே நேரம் போய்விடும்.

வேட்டியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும். விளக்கை நோக்கிக் கொண்டுபோனால் பூதமாக வளரும். கூலியாள் மறையும் இடத்துக்கு இதுவே போதும்: விளக்கை நோக்கி இழுத்து, சட்டென்று கீழே இறக்கிவிடுங்கள். முதலில் திரைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்க்க விடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் எழுந்து வந்து வேட்டியை இழுப்பார்கள்.

நாலாவது ஐந்தாவது நாளில் சொல்வது பிள்ளையின் முறை. கொட்டாங்கச்சி, புட்டுத் தட்டு, சுருட்டிய துண்டு மூன்றையும் வரிசையாக வையுங்கள். அதைப் பார்த்தே கதை வந்துவிடும். வரிசை மாறினால் திருத்த வேண்டாம். அடி முதலில் விழுந்து புட்டு அப்புறம் வந்தால், “ஏன் அடிச்சாராம்?” என்று ஒரு கேள்வி போதும், பிள்ளையே பின்னால் போய் எடுத்து வரும். “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்தால் அது வீட்டுப்பாடம்.

இந்தக் கதை தீர்ந்த வாரத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் போனால் யானைமலையைக் காட்டுங்கள். நாகமலை, பசுமலை என்று ஊரைச் சுற்றி மிருகங்கள் படுத்துக் கிடக்கின்றன. யானை எதற்காகப் படுத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.