ஜீபேக் படிவத்தோடு வீடு வீடாக

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஜீபேக் படிவம் எடுத்தேன். மக்கள் அன்றாடம் உடலுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு அளக்க, உலக சுகாதார நிறுவனம் 2002-இல் உருவாக்கிய கேள்வித்தாள் இது. மொத்தம் 16 கேள்விகள்தான். வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் உண்டா, வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி உட்கார்ந்திருக்கும் நேரம். தாளில் பார்க்க எளிதாக இருக்கும். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சிக்கல் முதல் பகுதியிலேயே தொடங்கிவிடும். சம்பளம் இல்லாத வேலை, வீட்டு வேலை, படிப்பு எல்லாமே 'வேலை'யில் சேரும் என்று படிவமே தெளிவாகச் சொல்கிறது. அந்த முன்னுரையை வாசித்த பிறகும் ஒரு அக்கா, "நான் வேலைக்கெல்லாம் போறதில்லம்மா, வீட்டோடதான்" என்றார். பின்னால் கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் நின்றன. "சரிக்கா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று கேட்டேன். வாசல் பெருக்கி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, வரப்பில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவது வரை அவரே சொல்லிக்கொண்டு போனார். மதியத்துக்கு முன்பே மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்துவிட்டது. முதல் பதிலையே எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் விழுந்திருக்கும்.

அதனால் எல்லா வீட்டிலும் முதலில் ஒரு நாளை முழுதாகச் சொல்ல வைத்து, படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் கேள்விகளை அச்சில் உள்ளபடியே வாசித்தேன். கேள்வியின் வாசகத்தை மாற்றக் கூடாது, பதிலை நாமாக எடுத்துக் கொடுக்கவும் கூடாது. நாளை விரித்துச் சொல்ல வைப்பது இரண்டிலும் சேராது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். உங்களோடு வேறு ஆட்களும் படிவம் எடுத்தால் எல்லோரும் இதை ஒரே மாதிரி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு கணக்கு வரும். நிமிடக் கணக்கு யாரிடமும் இருக்காது. எட்டரை மணி பஸ், பள்ளிக்கூடம் விடும் நேரம், சாயங்கால சீரியல் என்று தெரிந்த நேரங்களோடு ஒட்டிக் கேட்டால் வந்துவிடும்.

அடுத்தது கடினமா, மிதமா என்ற பிரிவு. இதற்குப் பட அட்டைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டையில் ஃபிரிட்ஜ் தூக்குவது, ஏரோபிக்ஸ் கற்றுக்கொடுப்பது போன்றவையும் இருக்கும். ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், கடினத்துக்குக் கரும்பு வெட்டுவதையும் உலக்கை போடுவதையும், மிதத்துக்கு நாற்று நடுவதையும் தண்ணீர் சேந்துவதையும் வைத்தேன். ஆனாலும் கரும்பு வெட்டும் ஒரு பெரியவர், "பழகிடுச்சும்மா, அதுக்கெல்லாம் மூச்சு வாங்காது" என்றார். கேள்வியில் மூச்சு வாங்குமா என்றுதான் இருக்கிறது. அட்டையோ அதைக் கடினம் என்கிறது. என் கருத்தில் இந்தக் கேள்வித்தாளின் பெரிய பலவீனம் இதுதான். அட்டைப்படியே எழுதுவது என்று களத்துக்குப் போகும் முன்பே முடிவெடுத்திருந்ததால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது.

இது ஏன் முக்கியம் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி 1 மெட். மித வேலைக்கு 4, கடின வேலைக்கு 8 என்று வைத்து நிமிடங்களோடு பெருக்குகிறோம். வாரத்தில் 3 நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மிதத்தில் 3,600 மெட்-நிமிடம். அதே உழைப்பைக் கடினம் என்று குறித்தால் 7,200. உடல் உழைப்பு போதுமானது என்று சொல்ல வாரத்துக்கு 600 மெட்-நிமிடம் இருந்தாலே போதும். அவர் எப்படியும் தேறிவிடுவார், ஆனால் ஊரின் சராசரி ஏறிவிடும். அதனால் சராசரியோடு இடைநிலை அளவையும் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற அளவு) கட்டாயம் கொடுங்கள்.

ஐபேக் என்ற இன்னொரு கேள்வித்தாள் கடந்த 7 நாட்களைக் கேட்கும். ஜீபேக் வழக்கமான ஒரு வாரத்தைக் கேட்கும். நடவு, களை, அறுப்பு, நூறு நாள் வேலை என்று மாறி மாறி ஓடுகிறவர்களுக்கு எது வழக்கமான வாரம்? "எந்த மாசத்த கேக்குற கண்ணு?" என்று ஒரு பாட்டி திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. படிவத்தின் ஓரத்தில் அப்போதைய பருவத்தை எழுதிவைத்தேன், ஆய்வேட்டிலும் அதைச் சொன்னேன்.

தொடர்ந்து 10 நிமிடமாவது செய்ததைத்தான் சேர்க்க வேண்டும் என்ற விதியும் உறுத்தியது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து நான்கு நிமிட நடையாக எட்டுக் குடம் கொண்டுவருகிறவருக்கு அதில் இடமில்லை. 2020 வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனமே 10 நிமிட நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டியிருந்ததால் நான் படிவத்தை மாற்றவில்லை.

போக்குவரத்தில் நடையும் சைக்கிளும் மட்டும். டிவிஎஸ் எக்ஸ்எல் சேராது. பொழுதுபோக்குப் பகுதியில் வாலிபால், கபடி ஆடும் பையன்களைத் தவிர பெரும்பாலும் 'இல்லை'தான். தமிழ்நாட்டையும் சேர்த்து எடுத்து 2014-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வின் முதல் கட்டமும் இதே படிவத்தைப் பயன்படுத்தியதுதான். அதிலும் பொழுதுபோக்காக உடலை அசைப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

உட்காரும் நேரத்தை அவசரமாகக் கேட்காதீர்கள். "உக்கார ஏது நேரம்?" என்றுதான் முதலில் வரும். தையல் மிஷின், பஸ், டிவி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மணிக்கணக்கில் சேரும்.

கிளம்பும் முன் மணி, நிமிடக் கட்டங்களைத் திண்ணையிலேயே சரிபாருங்கள். 30 நிமிடம், மணிக் கட்டத்தில் விழுந்தால் 30 மணி நேரமாகிவிடும். எந்த ஒரு பிரிவிலாவது நாளுக்கு 16 மணி நேரத்தைத் தாண்டினால் பகுப்பாய்வில் அந்த ஆளையே முழுதாக நீக்க வேண்டும் என்பது விதி. கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அதைத் திருத்த வழியில்லை.